ஃபேட்டி லிவர் கிரேடு 2... பயப்பட வேண்டியது கொழுப்புக்கா, தழும்புக்கா?

அப்பாவுக்கு 54 வயது. சிகரெட் கிடையாது, குடி அறவே கிடையாது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் 'தங்கமான மனுஷன்' என்று பெயர் எடுத்தவர். ஆபீஸில் எல்லோரும் எடுக்கிறார்களே என்று சென்ற ஆண்டு ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்துக்கொண்டார். சர்க்கரை அளவு எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், 'ஃபேட்டி லிவர் - கிரேடு 2' என்று இருந்தது.

அம்மாதான் முதலில் உடைந்துபோனார். "லிவர்னா குடிக்கிறவங்களுக்குத்தானே கெடும்? இவர் காபியைத் தவிர வேற எதையும் தொட்டதில்லையே! வெளிய சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றவர், ரிப்போர்ட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆனாலும் விஷயம் எப்படியோ சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. பாதிப் பேர், "அது இப்போ எல்லாருக்கும்தான் இருக்கு, விடுங்க" என்றார்கள். மீதிப் பேர், "கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க, ஒரே மாசத்துல சரியாயிடும்" என்றார்கள். செக்கப் எடுத்த இடத்திலும், "வாக்கிங் போங்க சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாதங்கள் கழித்து, நான் வற்புறுத்தி அழைத்துப்போன கல்லீரல் மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கொழுப்பு இருக்கு, சரி. தழும்பு இருக்கானு யாராவது பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், கட்டாயம் படியுங்கள்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு!

கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. அதன் செல்களில் 5 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்துவிட்டால், அது ஃபேட்டி லிவர். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு படிந்த கல்லீரல் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரியும். அந்த வெண்மையைக் கண்ணால் பார்த்து, கிரேடு 1, 2, 3 என்று போடுகிறார்கள். அதாவது, கிரேடு என்பது கொழுப்பின் அளவு. அவ்வளவுதான்.

கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதைச் சொல்வது 'ஸ்டேஜ்'. இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபைப்ரோசிஸ். தழும்பே இல்லையென்றால் எஃப்-0. அங்கிருந்து எஃப்-1, எஃப்-2, எஃப்-3 என்று போய், கல்லீரல் முழுக்க முடிச்சு முடிச்சாகத் தழும்பேறிவிட்டால் எஃப்-4. அதைத்தான் சிரோசிஸ், கல்லீரல் சுருக்கம் என்கிறோம்.

கிரேடு 3 கொழுப்பு இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் உண்டு. கிரேடு 1 மட்டும் இருந்து, உள்ளே எஃப்-3 தழும்போடு நடமாடுகிறவர்களும் உண்டு. ஏனென்றால், ஆரம்பகட்டத் தழும்பு சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாது. ஒருவரின் கல்லீரல் எதிர்காலத்தைக் கணிப்பதில் கொழுப்பின் அளவைவிடத் தழும்பின் அளவுதான் முக்கியம் என்பதைப் பல்லாண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

குடிக்காதவருக்கும் வருமா?

அம்மா கேட்ட கேள்வியை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலும் ஒரு காலத்தில் கேட்டார்கள். அங்கிருந்த நோய்க்குறியியல் மருத்துவர் யூர்கன் லுட்விக், 1980-ல் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களின் கல்லீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெருங்குடிகாரர்களின் கல்லீரல் போலவே இருந்தது. கொழுப்பு, வீக்கம், தழும்பு எல்லாம் இருந்தன. ஆனால், அவர்கள் மதுவால் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. பலர் உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள். 'மது சாராத கொழுப்புக் கல்லீரல் அழற்சி' என்ற பெயரை லுட்விக் சூட்டினார்.

அந்தப் பெயரிலேயே ஒரு சங்கடம் இருந்தது. 'மது சாராத' என்று சொல்லும்போதே மது என்ற வார்த்தை வந்துவிடுகிறது. அதனால், பன்னாட்டு கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடிப் பேசி 2023-ல் பெயரையே மாற்றின. இப்போது இது 'வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் கொழுப்புக் கல்லீரல் நோய்'. சுருக்கமாக, மாஸ்எல்டி. சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, ட்ரைகிளிசரைடு ஆகியவற்றின் உறவுக்காரன் இது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பீரோவில் பூட்டிவைக்க இதில் எதுவுமில்லை.

அபூர்வ நோயும் இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-ல் வெளியான அலசல், பெரியவர்களில் சுமார் 38 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, மத்திய அரசு தன் தொற்றாநோய் தடுப்புத் திட்டத்தில் ஃபேட்டி லிவரையும் சேர்த்துவிட்டது. "எல்லாருக்கும்தான் இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. "அதனால விடுங்க" என்றார்களே, அதுதான் தப்பு.

எண்ணெய் மட்டும்தான் காரணமா?

கல்லீரலில் கொழுப்பு என்றதும் அம்மா முதலில் நிறுத்தியது எண்ணெயை. ஆனால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஃபேட்டி லிவர் உள்ள ஒன்பது பேரின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளக் குறியிட்ட மூலக்கூறுகளை வைத்துத் தேடிய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. அதில் சாப்பாட்டிலிருந்து நேரடியாக வந்த கொழுப்பு 15 சதவிகிதம்தான். 59 சதவிகிதம், உடலின் கொழுப்புக் கிடங்குகளிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. மீதி 26 சதவிகிதத்தைக் கல்லீரலே புதிதாகத் தயாரித்திருந்தது. அதற்கு முக்கியமான மூலப்பொருள், மாவுச்சத்தும் சர்க்கரையும்!

குளிர்பானங்கள், இனிப்புகள், பாட்டில் ஜூஸ்களில் இருக்கும் ஃபிரக்டோஸ் இந்தத் தயாரிப்பை இன்னும் வேகப்படுத்துகிறது. நம் ஊர் தட்டில் மாவுச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. காலையில் இட்லி, மதியம் இரண்டு முறை சோறு, நான்கு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், ராத்திரி பரோட்டா அல்லது தோசை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரியவந்திருக்கிறது.

இது எவ்வளவு சீக்கிரம் கல்லீரலைத் தொடும்? சுவீடனில் 18 ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரங்களுக்கு, தினமும் குறைந்தது இரண்டு வேளை ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட வைத்தார்கள். உடற்பயிற்சியும் அதிகம் செய்யக் கூடாது. 2008-ல் முடிவு வெளியானது. கல்லீரல் செல்கள் காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி என்ற என்சைம், சராசரியாக 22-லிருந்து 97-க்கு எகிறியிருந்தது. சிலருக்கு முதல் வாரத்திலேயே ஏறத் தொடங்கிவிட்டது. சாப்பாடு என்பது கல்லீரலுக்கு உடனடிச் செய்தி!

வாட்ச்மேனும் கொத்தனாரும்

சரி, கொழுப்பு சேர்ந்துவிட்டது. அது எப்படித் தழும்பாகிறது? கொழுப்பே இறுகித் தழும்பாவதில்லை. தழும்பைப் போடுவது நம் உடலேதான். அதுவும், நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு!

கல்லீரலை ஓர் அப்பார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். அவர் பெயர் குப்ஃபர் செல். கல்லீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களின் ஓரமாக உட்கார்ந்து, வருகிற கிருமிகளையும் குப்பைகளையும் பிடித்து விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல் இது. அதே கட்டடத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கொத்தனாரும் உண்டு. அவர் பெயர் நட்சத்திர செல். நல்ல நாள்களில் அவர் வேலையே வேறு. உடலின் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியைத் தன்னிடம் சேமித்து வைத்திருப்பார்.

கொழுப்பு அளவுக்கு மீறும்போது கல்லீரல் செல்கள் பலூன் போல வீங்குகின்றன. சில செத்து உடைகின்றன. உடைந்த செல்லிலிருந்து சிந்தும் பொருள்கள், 'இங்கே ஆபத்து' என்ற சமிக்ஞைகளாக மாறுகின்றன. வாட்ச்மேன் விசிலடிக்கிறார். அந்த விசில்கள்தான் சைட்டோகைன் எனப்படும் ரசாயனத் தூதுகள். அவற்றில் சில, எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வந்த மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களைக் கல்லீரலுக்கு வரவழைக்கின்றன. வந்து சேர்ந்த கூட்டமும் விசிலடிக்கிறது.

இன்னொரு தூது கொத்தனாருக்குப் போகிறது. அதன் பெயர் டி.ஜி.எஃப்-பீட்டா. அது கிடைத்ததும் நட்சத்திர செல் தன் வைட்டமின் ஏ-யை உதறிவிட்டு எழுந்துகொள்கிறது. கொலாஜன் என்ற உறுதியான நாரைச் சுரந்து, காயத்தைப் பூசத் தொடங்குகிறது. கல்லீரலில் கொலாஜனைத் தயாரிக்கும் முக்கியமான ஆள் இவர்தான் என்பதை, எலிகளின் செல்களைப் பிரித்தெடுத்து 1985-ல் காட்டினார்கள் ஸ்காட் ஃப்ரீட்மேன் குழுவினர்.

முழங்காலில் சிராய்ப்பு பட்டால் பக்கு கட்டி ஆறுகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான் இது. ஆனால், முழங்கால் ஒருநாள் சிராய்த்ததோடு சரி. கல்லீரலோ, மூன்று வேளையும் சிராய்க்கிறது. காயம் நிற்காததால் விசில் நிற்பதில்லை. விசில் நிற்காததால் பூச்சு வேலையும் நிற்பதில்லை. சிமென்ட் பூசிப் பூசி, ரத்தம் போகும் சந்துகள் குறுகி, மிருதுவாக இருந்த கல்லீரல் இறுகிப்போகிறது. ஆரம்பத்தில் வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது. அதனால்தான் அப்பாவைப் போன்றவர்கள் எதுவும் தெரியாமலே இருக்கிறார்கள்.

குடலிலிருந்தும் ஓர் அலாரம்

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடல் பகுதியிலிருந்து வாயிற்சிரை என்ற பெரிய ரத்தக் குழாய் வழியாக வருகிறது. சத்துகளோடு, குடல் பாக்டீரியாக்களின் உடைந்த துணுக்குகளும் கொஞ்சம் வரும். குடலின் உட்சுவர் திடமாக இருந்தால் பிரச்னை இல்லை. தவறான உணவும் உடல் பருமனும் அந்தச் சுவரின் இறுக்கத்தைத் தளர்த்தும்போது, துணுக்குகள் அதிகமாகக் கசிகின்றன.

அவற்றை மோப்பம் பிடிக்கும் உணர்கொம்பு ஒன்று நம் செல்களில் இருக்கிறது. டி.எல்.ஆர்-4 என்று பெயர். பாக்டீரியாவின் நச்சை உடல் இதன் மூலம்தான் உணர்கிறது என்பதை 1998-ல் புரூஸ் பாய்ட்லர் கண்டுபிடித்தார். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'டோல்' என்ற மரபணுதான் பழ ஈக்களைத் தொற்றிலிருந்து காக்கிறது என்று அதற்கு முன்பே ஜூல்ஸ் ஹாஃப்மன் காட்டியிருந்தார். இருவரும் 2011-ன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இந்த உணர்கொம்பு வாட்ச்மேனிடம் மட்டும் இல்லை, கொத்தனாரிடமும் இருக்கிறது! எலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் இதைக் காட்டியது. நட்சத்திர செல்லில் பாம்பி என்றொரு புரதம், டி.ஜி.எஃப்-பீட்டாவின் உத்தரவுக்கு பிரேக் போல இருக்கிறது. பாக்டீரியாவின் நச்சு டி.எல்.ஆர்-4-ஐத் தட்டினால், அந்த பிரேக் தளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு, சிறிய உத்தரவுக்கே கொத்தனார் பெரிய சுவர் எழுப்புகிறார். குடல் பாக்டீரியாக்களை மருந்தால் குறைத்தபோது அந்த எலிகளுக்குத் தழும்பும் குறைந்தது. வயிற்றில் நடப்பதும் கல்லீரலில் நடப்பதும் தனித்தனிக் கதைகள் இல்லை.

ஒரு நூற்றாண்டு ஆள்மாறாட்டம்

இங்கே ஒரு சுவாரஸ்யத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த வாட்ச்மேனையும் கொத்தனாரையும் மருத்துவ உலகமே கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் குழப்பிக்கொண்டிருந்தது.

ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர், 1876-ல் கல்லீரலின் நரம்புகளைத் தேடித் தங்கக் குளோரைடு சாயம் ஏற்றிப் பார்த்தார். நரம்புக்குப் பதிலாக நட்சத்திர வடிவச் செல்கள் தெரிந்தன. பிற்பாடு, ரத்தக் குழாய் ஓரத்தில் குப்பையை விழுங்கும் செல்களைப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டார். 1951-ல் ஜப்பானின் தோஷியோ இட்டோ, கொழுப்புத் துளிகளைச் சேமிக்கும் ஒரு செல்லைத் தனியாக விவரித்தார். கடைசியில் 1971-ல் இன்னொரு ஜப்பானியர், கென்ஜிரோ வாகே, குப்ஃபர் தங்கச் சாயத்தில் பார்த்த நட்சத்திரமும் இட்டோவின் செல்லும்தான் ஒரே ஆள், குப்பை விழுங்குவது வேறு ஆள் என்று நிறுவினார். கொத்தனார் யார் என்று தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவரை நிறுத்தும் வழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தழும்பு கரையுமா?

"விழுந்த தழும்பு விழுந்ததுதானே?" என்று அப்பா மருத்துவரிடம் கேட்டார். எனக்கும் அதே பயம் இருந்தது.

பதில் நம்பிக்கை தருவது. எடின்பரோ ஆய்வாளர்கள் 2005-ல் எலிகளை வைத்து ஓர் அழகான பரிசோதனை செய்தார்கள். காயம் நடந்துகொண்டிருக்கும்போது வாட்ச்மேன் வகைச் செல்களை நீக்கினார்கள். தழும்பு குறைந்தது. காயம் நின்று, ஆறும் காலத்தில் அதே வகைச் செல்களை நீக்கினார்கள். இம்முறை, கரைய வேண்டிய தழும்பு கரையாமல் நின்றுவிட்டது!

அதாவது, விசிலடித்துச் சுவர் எழுப்பச் சொல்லும் அதே கூட்டம்தான், காயம் நின்றதும் சுவரை இடித்து அள்ளவும் உதவுகிறது. கொலாஜனைக் கரைக்கும் என்சைம்களை அந்தச் செல்களே சுரக்கின்றன. அவை நல்லவையா, கெட்டவையா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான். காயம் தொடர்கிறதா, நின்றதா?

மனிதர்களில் என்ன நடக்கிறது? கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவைப் பரிசோதித்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், 10 சதவிகிதத்துக்கு மேல் எடை குறைத்தவர்களில் 90 சதவிகிதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி மறைந்திருந்தது. 45 சதவிகிதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. ஆனால், அவ்வளவு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எலிகளில் 2012-ல் நடந்த ஆய்வுகளில், காயம் நின்ற பிறகு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்களில் சுமார் பாதிப் பேர் பழையபடி அமைதிக்குத் திரும்பினார்கள். ஆனால், மறுபடி காயம் பட்டபோது, புதியவர்களைவிட வேகமாக எழுந்து பூச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலை மறப்பதில்லை! மூன்று மாதம் டயட், பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்றால் பலன் இல்லை.

மாத்திரை இல்லையா?

விசிலை மருந்தால் நிறுத்திவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகளும் யோசித்தார்கள். மோனோசைட்களை வரவழைக்கும் சமிக்ஞையைத் தடுக்கும் செனிக்ரிவிராக் என்ற மருந்து, பெரிய எதிர்பார்ப்போடு மூன்றாம் கட்டச் சோதனை வரை வந்தது. போதிய பலன் இல்லையென்று 2021-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். செல் அழுத்தச் சமிக்ஞை ஒன்றைத் தடுக்கும் செலான்செர்டிப் என்ற மருந்தும் அதற்கு முன்பே தோற்றிருந்தது. ஒரு விசிலை மட்டும் அடைத்தால் போதவில்லை. காயம் ஓயாதவரை வேறு விசில்கள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.

பலன் தந்த மருந்துகள் வேறு பக்கத்திலிருந்து வந்தன. கல்லீரலில் கொழுப்பு எரிவதைத் தூண்டும் ரெஸ்மெடிரோம், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அதுதான். பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்ளூடைட் ஊசிக்கு, 2025 ஆகஸ்டில் இதே நோய்க்கு அனுமதி கிடைத்தது. செமாக்ளூடைட் ஆய்வில் 37 சதவிகிதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 22 சதவிகிதம் பேருக்கு அது குறைந்தது. உதவி உண்டு, மாயம் இல்லை. இரண்டுமே எஃப்-2, எஃப்-3 நிலையில் இருப்பவர்களுக்கானவை. அப்போதும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும். மருத்துவர் சொல்லாமல், நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமே இல்லை.

கடையில் விற்கும் 'லிவர் டீடாக்ஸ்' பானங்கள் தழும்பைக் கரைத்ததாக நம்பகமான ஆதாரம் கிடையாது. பழத்தின் நாரை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தால், கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது சர்க்கரைதான்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுங்கள்

தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று முதல்கட்டமாக அறிய ஊசியோ, பெரிய ஸ்கேனோ தேவையில்லை. ஃபிப்-4 என்றொரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான செக்கப் ரிப்போர்ட்டுகளில் இருக்கும் மூன்று எண்களும், உங்கள் வயதும் போதும்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி அளவால் பெருக்குங்கள். இது மேலே. எஸ்.ஜி.பி.டி அளவின் வர்க்கமூலத்தை பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுங்கள். பிளேட்லெட் 2.1 லட்சம் என்று இருந்தால், கணக்கில் 210 என்று போட வேண்டும்.

அப்பாவின் கணக்கு இது. வயது 54, எஸ்.ஜி.ஓ.டி 48, எஸ்.ஜி.பி.டி 64, பிளேட்லெட் 2.1 லட்சம். மேலே 54 x 48 = 2,592. 64-ன் வர்க்கமூலம் 8. கீழே 8 x 210 = 1,680. வகுத்தால் 1.54.

1.3-க்குக் கீழே என்றால், முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. விடை 2.67-க்கு மேலே போனால் தாமதிக்காமல் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த சோதனை தேவை. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இது வடிகட்டிதான், தீர்ப்பு இல்லை. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

அப்பா நடுவில் இருந்தார். அதனால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டினார்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது கிலோபாஸ்கல் அளவில் வந்தது. 8-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அப்பாவுக்கு 9.1. ஆபத்தான கட்டம் இல்லை, அலட்சியமாக விடக்கூடிய கட்டமும் இல்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் மருத்துவர்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், தொப்பையோடு ரத்த அழுத்தமோ, ட்ரைகிளிசரைடோ அதிகம் உள்ளவர்கள் இந்தச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒல்லியாக இருப்பவர்களும் விதிவிலக்கு இல்லை. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது சகஜம்.

பயம் வேண்டாம், அவகாசம் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழற்சி இல்லாத ஃபேட்டி லிவரில் தழும்பு ஒரு படி ஏற சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சி இருந்தால் 7 ஆண்டுகளும் ஆகின்றன. சிலருக்கு இது வேகமாக ஓடுகிறது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் சோதனை அவசியமாகிறது.

எங்கள் வீட்டில் என்ன மாறியது?

அப்பாவின் எடை 84 கிலோ. 5 சதவிகிதம் குறைத்தால் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 சதவிகிதத்தில் அழற்சி தணியும், 10 சதவிகிதம் போனால் தழும்புக்கும் நல்லது என்றார் மருத்துவர். எங்கள் கணக்கில், முதல் படி 4 கிலோ, இரண்டாவது 6 கிலோ, மூன்றாவது எட்டரை கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு, சோற்றுக் கரண்டியில் கைவைத்தார். மதியம் இரண்டாவது முறை சோறு கிடையாது. அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வந்தன. நான்கு மணி பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேர்க்கடலை. குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் வீட்டுக்குள் வருவதில்லை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை.

காபி? அதை நிறுத்தத் தேவையில்லை. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கவனித்திருக்கின்றன. சர்க்கரையைத்தான் நிறுத்த வேண்டும். முதல் வாரம் அப்பா முகத்தைச் சுளித்தபடி குடித்தார். இப்போது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் சுளிக்கிறார்.

எட்டு மாதங்களில் 84 கிலோ 78 ஆகியிருக்கிறது. அடுத்த ஃபைப்ரோஸ்கேன் வரும் மாதம். 9.1 இறங்கியிருக்குமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளின் ஓரத்தை அப்பா மடித்து வைத்திருக்கிறார். ரிப்போர்ட் இப்போது பீரோவில் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமா வந்திருந்தார். அவருக்கும் ஸ்கேனில் ஃபேட்டி லிவராம். "கிரேடு 1-தான், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

அப்பா சர்க்கரை இல்லாத காபியை அவரிடம் நீட்டிவிட்டு, "கிரேடு இருக்கட்டும் சார், தழும்பு இருக்கானு பார்த்தாங்களா? பிளேட்லெட் எவ்வளவு இருக்கு, சொல்லுங்க" என்றபடி போனில் கால்குலேட்டரைத் திறந்தார்.